இறைவன் மெய்யாகவே மனிதரானதை வகுப்பில் விளக்குவது எப்படி?

சிங்கப்பூரின் தமிழ்த் தேவாலயங்களில் மறைக்கல்வி வகுப்போ ஓய்வுநாள் பள்ளியோ நடத்துகிறவர்கள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரங்களில் ஒரு பாடத்தைத் தவிர்க்கவே முடியாது: கடவுள் மெய்யாகவே மனிதரானார் என்ற நம்பிக்கை. இயேசு கடவுள் என்பதை ஏற்க நம் பிள்ளைகள் சிரமப்படுவதில்லை. அவர் மனிதர் என்பதுதான் அவர்களிடம் வாயளவில் நின்றுவிடுகிறது. ஆகவே பாடத்தை அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள்.

முதல் வகுப்பில், கோட்பாடுகளை முடிவுசெய்த திருச்சபைச் சங்கங்களையும் அவற்றின் ஆண்டுகளையும் பேச வேண்டாம். நற்செய்தி நூல்களைத் திறக்கச் செய்யுங்கள். மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒரு வசனம் கொடுங்கள்: பாலைநிலத்தில் பசித்தது (மத்தேயு 4:2), படகில் தலையணையின் மேல் உறங்கியது (மாற்கு 4:38), பயணக் களைப்பால் கிணற்றருகே அமர்ந்தது (யோவான் 4:6), நண்பனின் சாவில் கண்ணீர் விட்டது (யோவான் 11:35), சிலுவையில் தாகம் என்றது (யோவான் 19:28). ஒவ்வொன்றையும் வாசித்தபின் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது வெறும் நடிப்பாக இருந்திருந்தால் நாம் எதை இழந்திருப்போம்?

லூக்கா 2:52-ஐ நீங்களே வாசித்து அங்கே சற்று அதிக நேரம் நில்லுங்கள். இயேசு ஞானத்திலும் வளர்த்தியிலும் விருத்தியடைந்தார் என்கிறது அந்த வசனம்; அதாவது, பேச்சையும் தச்சுத் தொழிலையும் அவர் ஒவ்வொரு நாளாகக் கற்றுக்கொண்டார். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வைக் கடந்து வந்த நம் பிள்ளைகள், "அவருக்குப் படிக்கவே தேவையிருந்திருக்காதே" என்று உடனே சொல்வார்கள். அந்தப் பதிலைத் திருத்த அவசரப்படாமல் பலகையில் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, சொற்கள். யோவான் 1:14 பழைய மொழிபெயர்ப்பில் "அந்த வார்த்தை மாம்சமாகி" என்றும், கத்தோலிக்கர் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்றும் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலமே பேசி, பள்ளியில் தமிழைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைக்கு மாம்சம் என்றதும் தேக்கா சந்தையின் இறைச்சிக் கடைதான் நினைவுக்கு வரும். கிரேக்க மூலத்திலுள்ள 'சார்க்ஸ்' என்ற சொல், நலிவும் அழிவும் உள்ள முழு மனித நிலையைக் குறிக்கிறது என்று விளக்குங்கள். குடிகொண்டார் என்பதன் மூலச்சொல்லுக்குக் கூடாரமடித்தார் என்பதே நேர்ப்பொருள். பாலைவனத்தில் இஸ்ரவேலரோடு இருந்த ஆசரிப்புக் கூடாரத்தை, அதாவது அவர்களின் வழிபாட்டுக் கூடாரத்தை, அது நினைவூட்டுகிறது.

இங்கே ஓர் உவமை சொல்ல ஆசை வரும். நகர்சோதனைக்கு மாறுவேடத்தில் வரும் அரசன் கதையை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பல ஆண்டுகள் நானே அதைச் சொல்லிவந்தேன். "அப்படியென்றால் வேடத்தைக் கலைத்துவிட்டு அரண்மனைக்குப் போய்விடலாமே, ஆசிரியரே" என்று ஒரு மாணவி கேட்ட நாளோடு நிறுத்திக்கொண்டேன். அவள் அறியாமலே, இயேசுவின் உடல் தோற்றம் மட்டுமே என்ற மிகப் பழைய தோற்றவாதத்தைத் தொட்டுவிட்டாள். யோவானின் முதல் கடிதம் 4:2 அதை நேரடியாகவே மறுக்கிறது. உவமை வேண்டுமென்றால் நம் ஊரிலிருந்தே எடுங்கள். வெளிநாட்டு ஊழியர்களின் தங்குவிடுதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உணவுப் பொட்டலங்களோடு சென்று திரும்புகிறவர் வேறு. அங்கேயே அடுக்குக் கட்டிலில் படுத்து, விடியலில் லாரியில் ஏறி வேலைக்குச் செல்கிறவர் வேறு. குடிகொள்ளுதல் இரண்டாவதைப் போன்றது. ஆனால் தங்குவிடுதிக்குக் குடிபோகிறவர் முன்பும் மனிதரே, பின்பும் மனிதரே. உவமை அந்த இடத்தில் உடைகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

அவதாரம் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். சிராங்கூன் சாலையில் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பலருக்கு இந்து உறவினர்கள் உண்டு. நம் முன்னோர் மனுஷாவதாரம் என்ற சொல்லையே பயன்படுத்தினார்கள் என்பதை மறைக்க வேண்டாம். சென்னையில் வாழ்ந்த கிறிஸ்தவச் சிந்தனையாளர் வெங்கல் சக்கரை, இயேசுவை அவதாரம் என்றே அழைத்து, இது வந்து மறையும் அவதாரமன்று, நிலைத்து நிற்பது என்றும் வலியுறுத்தினார். இராமனும் கண்ணனும் தாய்வயிற்றில் பிறந்தவர்களே. ஆகவே, அவதாரமெல்லாம் வேடம் என்று எளிதாக ஒதுக்குவது உண்மையுமாகாது, அண்டைவீட்டாரை மதிப்பதுமாகாது. பிட்டுக்கு மண் சுமந்த கதையையே எடுத்துக்கொள்ளலாம். கூலியாளாக வந்த இறைவன் மீது விழுந்த பிரம்படி எல்லா உயிர்கள் மீதும் பட்டது என்பது எவ்வளவு ஆழமான காட்சி! அங்கே இறைவன் மறைந்தவுடன் கூலியாளும் இல்லை. கிறிஸ்தவ நம்பிக்கையில் அந்த மனித இயல்பு களையப்படுவதே இல்லை. ஒப்பீட்டை இந்த ஒரு வேறுபாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இதற்குப் பிறகே வரலாறு. 325-இல் நிக்கேயா சங்கம் மகன் தந்தையோடு ஒரே இயல்பினர் என்றது. இயேசுவுக்கு மனித உடல் உண்டு, மனித அறிவு இல்லை, அதனிடத்தில் கடவுளாகிய வாக்கே இருந்தது என்று லவோதிக்கேயாவின் ஆயர் அப்பொலினாரியு கற்பித்தார். நாசியான்சுவின் கிரகோரியார் அதற்குச் சொன்ன மறுமொழியின் சாரம் இது: அவர் எதை ஏற்கவில்லையோ அது குணமாக்கப்படவில்லை. மனித அறிவுக்கும் நோய் இருக்கிறது. எனவே அதையும் அவர் ஏற்றாக வேண்டும். 381-இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் அப்பொலினாரியுவின் போதனையைக் கண்டித்தது. இப்போது பலகையில் எழுதி வைத்த பதிலுக்குத் திரும்புங்கள். படிக்கத் தேவையில்லாத இயேசு, அப்பொலினாரியுவின் இயேசு என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

451-இல் கால்செதோன் சங்கம், கிறிஸ்து தெய்வத்தன்மையில் தந்தையோடும் மனிதத்தன்மையில், பாவம் தவிர, நம்மோடும் ஒரே இயல்பினர் என்றது. நிக்கேயாவின் சொல்லை நம் பக்கமும் திருப்பிய துணிவு அது. குழப்பமின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி என்ற நான்கு சொற்களும் மறைபொருளை விளக்குவதில்லை. எங்கே கால் வைக்கக்கூடாது என்று வேலி மட்டுமே இடுகின்றன. ஹில் ஸ்திரீட்டில் 1835-இல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயத்தை வகுப்போடு சென்று பார்ப்பது வீண்போகாது. ஆர்மீனியத் திருச்சபை கால்செதோனின் சொல்முறையை ஏற்கவில்லை; கிறிஸ்து முழுமையான கடவுளும் முழுமையான மனிதரும் என்பதை அதுவும் அறிக்கையிடுகிறது.

மாற்கு 13:32 கடைசித் தடை: இறுதி நாளை "குமாரனும் அறியார்". அறியாமை அவர் ஏற்ற மனித இயல்புக்குரியது என்றார் பழங்காலத் திருச்சபை ஆசிரியர் அத்தனாசியு. அவருக்குத் தெரியாமலில்லை, நமக்கு அறிவிக்கும்படி அதை அறிந்திருக்கவில்லை என்பதே பொருள் என்றார் இன்னொரு பழங்கால ஆசிரியரான அகுஸ்தீன். இரண்டையும் சொல்லுங்கள். எனக்கு முன்னதே நேர்மையானதாகப் படுகிறது என்றாலும், வகுப்பில் அதைத் திணிப்பதில்லை.

நிறைவாக லூக்கா 24:39 முதல் 43 வரை வாசியுங்கள். உயிர்த்தெழுந்தவர் கைகளையும் கால்களையும் காட்டுகிறார், பொரித்த மீன் கண்டத்தை வாங்கிச் சாப்பிடுகிறார். "இப்போதும் அவருக்கு உடல் இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால், ஆம் என்றே பதில் சொல்லுங்கள். பிறகு வீட்டுப்பாடம்: இந்த மீன் நிகழ்ச்சியைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ தமிழிலேயே சொல்லிவிட்டு, அவர்கள் கேட்ட முதல் கேள்வியை அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வர வேண்டும்.