தெருக் குழு ஆரம்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாபேட்டை, தாதகாப்பட்டி, கிச்சிப்பாளையம் என்று சேலத்தில் பல பக்கமும் இளைஞர்கள் சேர்ந்து தெருக் குழு ஆரம்பிக்கிறார்கள். கஞ்சா, செயின் பறிப்பு, பைக் திருட்டு என்று கேட்டுக் கேட்டு மனசு பொறுக்காமல் இறங்கியவர்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் குழு ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. கூட்டத்துக்கு ஆள் வராதது, வரவு செலவு எழுதாதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை போகப் போகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை வேறு.

கேமரா மாட்டியதும் ஓய்ந்துவிடுவது

நடந்து முடிந்ததைத்தான் கேமரா காட்டும். ஒன்பதாவது படிக்கும் பையன் பள்ளி நேரத்தில் தெருமுனையில் நிற்கிறான், நேற்றும் நின்றான் என்பதைக் கவனித்து, பக்கத்தில் போய் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்க ஆள்தான் வேண்டும்.

போலீஸ் வேலையைக் கையில் எடுப்பது

வேண்டவே வேண்டாம். யாரையும் மடக்கிப் பையைச் சோதிக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. போலீஸுக்கு உதவ 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'காவல்துறையின் நண்பர்கள்' என்ற தன்னார்வலர் அமைப்புக்கு என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். போலீஸ் பிடித்துப் போன தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் சம்பவத்தில் அதன் தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. 2020 ஜூலையில் தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது.

பையனின் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவும் இதைச் செய்கிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஒரு கடையில் செல்போன் காணாமல் போனது. கேமராவில் அந்த நேரத்தில் கடையைத் தாண்டிப் போன ஒரு பையன் தெரிந்தான். பதினேழு வயது, பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். குழுவில் ஒருவர் அந்தத் துண்டு வீடியோவைப் போட்டு, "இவனைத் தெரிந்தவர்கள் சொல்லவும்" என்று எழுதினார். சிறிது நேரத்திலேயே பெயர், அப்பா பெயர், வீடு இருக்கும் சந்து எல்லாம் வந்து விழுந்தன. மறுநாள் காலையில் ஜவுளிக் கடைக்காரர் அவனை வாசலிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

போனை எடுத்தது கடைக்காரரின் சொந்தக்காரர். தன்னுடையது என்று நினைத்து மாற்றி எடுத்துப் போயிருக்கிறார். அந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை. வீடியோவை நாங்கள் அழித்தோம்; அதற்குள் அது எத்தனையோ குரூப்புக்குப் போய்விட்டது. "எந்தெந்தக் குரூப்புல போய் எம்பையன் பேரை அழிக்கறதுங்க?" என்று அந்தத் தாய் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அதுவரை அவன் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் இருந்தது. அதன்பின் மாலை நேரங்களில் அவன் அவர்களோடுதான் நின்றான். அவனைக் கூப்பிட்டுப் பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான். வேறு பகுதியில் ஒருவர் நம்பி வேலை கொடுக்கும் வரைக்கும் அப்படித்தான் போனது. எந்தக் கூட்டத்திலிருந்து பிள்ளைகளை விலக்கி வைக்கக் குழு ஆரம்பித்தோமோ, அங்கேயே ஒருவனைத் தள்ளிவிட்டோம்.

சரி, அவனே எடுத்திருந்தால்? அப்போதும் போடக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, வழக்கில் சிக்கிய பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் எந்தத் தகவல் தொடர்பு வழியிலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சின்னத் திருட்டுக்குப் பிள்ளைகள் மேல் எஃப்.ஐ.ஆர். போடுவதையே விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. நிலைய நாட்குறிப்பில் பதிவு செய்து, பையனின் குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வழக்கு முடிந்த பிறகு, நன்னடத்தைச் சான்று கேட்டு வந்தால்கூடப் பழைய பதிவைப் போலீஸ் வெளியே சொல்லக் கூடாது. அவன் புதிதாகத் தொடங்கட்டும் என்று சட்டம் இவ்வளவு பார்த்துப் பார்த்து மறைத்து வைப்பதை, நாம் ஒரு நொடியில் ஊர் முழுக்கப் பரப்பிவிடுகிறோம்.

"முகத்தை மறைத்துத்தானே போட்டோம்" என்பார்கள். சட்டையையும் சைக்கிளையும் பார்த்தே அதே தெருக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீடியோ கிடைத்தால் ஒரே ஒருவர் நேராக ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகட்டும். கொடுத்ததும் மற்றவர்களின் போனிலிருந்து அழித்துவிடுங்கள். குரூப்பில் அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைப்பை மாற்றுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார் என்று பிரச்சினை வருவதற்கு முன்பே போய்க் கேட்டு வையுங்கள். பிள்ளை ஆபத்தில் இருக்கிறான் என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள், அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்லுங்கள்.

பையனைப் பிடித்து, கொடுத்தவனை விடுவது

பொட்டலத்தோடு நிற்கும் பையன்தான் எல்லார் கண்ணிலும் படுகிறான். அவன் கையில் அதைக் கொடுத்தது யார்? பிள்ளைகளுக்குப் போதைப்பொருளோ மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கும், அவர்களை வைத்து அதை விற்பவருக்கும், கடத்துபவருக்கும் அதே சட்டத்தின் 77, 78-வது பிரிவுகளில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. அந்த ஆளிடம் நீங்கள் நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி என்று குறித்துப் போலீஸிடம் கொடுங்கள்.

ஊர்வலம் போவது

ஒரு நாள் பேனர் பிடித்து நடப்பதைவிட, மாதம் ஒருமுறை பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போய் நீண்ட நாள் வராத பிள்ளைகள் யார் யார் என்று கேளுங்கள்.

ஏற்காட்டுக்கும் டவுன் முறையைக் கொண்டு போவது

மலையில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். அங்கே ரோந்தும் கேமராவும் பெரிதாக உதவாது. காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் பெற்றோர் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளை வீட்டில் நின்றுவிடும். அப்படி நின்ற பிள்ளை பருவம் முடிந்தும் பள்ளிக்குத் திரும்பவில்லை என்றால் அப்போதே வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். இதற்குப் புதுக் குழு தேவையில்லை. ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கூட்டச் சொல்லுங்கள். கூட்டத்தைச் சந்தை நாளில் வையுங்கள். மற்ற நாளில் வைத்தால் கூலியை விட்டுவிட்டு யாரும் வர முடியாது.