பனிக்காலத்தில் வாழை பார்க்க: சிகாகோ கார்ஃபீல்டு பார்க் கன்சர்வேட்டரிக்குக் குடும்பத்தோடு போவது எப்படி

சிகாகோவில் ஜனவரி பிறந்துவிட்டால் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்பது எல்லா வீட்டிலும் பெரிய கேள்வி. நகரத்தின் மேற்குப் பகுதியில் அதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போதும் உள்ளே பனை, வாழை, கொக்கோ எல்லாம் பச்சையாக நிற்கும் கார்ஃபீல்டு பார்க் கன்சர்வேட்டரி. 1908ல் திறந்தது. ஏறத்தாழ இரண்டு ஏக்கர் பரப்பு கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருக்கிறது.

முதல்முறை போகிற பல குடும்பங்கள் எல்லா அறைகளையும் ஒரு ஓட்டம் சுற்றி, போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றன. "எல்லாம் செடிதானே" என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஒவ்வோர் அறையிலும் தேடிப் பார்க்க ஒரே ஒரு விஷயத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டால் நிலைமையே வேறு. நான் கீழே சொல்லும் வரிசை முழுக்க அதற்காகத்தான்.

1. கிளம்புமுன்

இணையத்தில் நாளும் நேரமும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, கட்டண விதிகளும் மாறக்கூடியவை. அதனால் அன்றைய நிலவரத்தை அவர்களுடைய தளத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. காலையில் திறந்தவுடனே போகிற மாதிரி நேரம் எடுங்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் சேரும், சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கமும் வரும்.

ரயிலில் போனால் கிரீன் லைன். 'கன்சர்வேட்டரி' என்று பெயரிலேயே வரும் நிலையம், இறங்கினால் எதிரிலேயே கட்டடம். டவுன்டவுனிலிருந்து அதிக நேரம் ஆகாது. காரில் போகிறவர்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்துமிடம் உண்டு.

2. என்ன உடுத்துவது, என்ன கொண்டுபோவது

உள்ளே நம் ஊர் புழுக்கம். கனமான ஜாக்கெட்டுக்கு உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்டுவிடுங்கள். கண்ணாடி போட்டவர்களுக்கும் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் நுழைந்ததும் எல்லாம் மங்கிவிடும். ஐந்து நிமிடம் பொறுத்தால் தானே தெளியும், சட்டை முனையால் லென்ஸைத் துடைக்க வேண்டாம்.

சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து டப்பா திறக்க முடியாது. தள்ளுவண்டியோடு போகலாம், ஆனால் கற்பாதைகள் சில இடங்களில் ஒடுக்கம். கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டால் உங்கள் இரண்டு கையும் பெரிய பிள்ளைக்கு இருக்கும். ஒரு சின்ன பூதக்கண்ணாடி இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பனை அறை: நின்று அண்ணாந்து பாருங்கள்

நுழைந்ததும் வருவது இதுதான். இங்கே அதிக நேரம் வேண்டாம். கூரையின் வடிவத்தை மட்டும் காட்டுங்கள். இதை வடிவமைத்த யென்ஸ் யென்சன் டென்மார்க்கில் பிறந்து சிகாகோவுக்கு வந்தவர். அந்தக் காலத்துக் கண்ணாடி வீடுகள் அரண்மனை மாதிரி கோபுரமும் வளைவுமாக இருந்தன. அவரோ இந்தப் பக்கத்து வயல்களில் நிற்கும் வைக்கோற்போரின் வடிவத்தைக் கூரைக்கு எடுத்துக்கொண்டார். வைக்கோற்போர் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊர்க்கதை சொல்ல நல்ல இடம், ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

4. பெரணி அறை: இலையின் அடிப்பக்கம்

இந்தக் கட்டடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த அறை இது. படியில் நின்று பார்த்தால் கீழே ஒரு குளம், சுற்றிலும் அடுக்கடுக்கான பாறைகள், அவற்றில் பெரணிகள் (ஃபெர்ன்), ஓரத்தில் ஒரு சின்ன அருவி. தொட்டி ஒன்றுகூடக் கண்ணில் படாது. செடிகளை நிலத்திலேயே நட்டு, நடுவைத் தண்ணீருக்கு விட்டுவிட்டார் யென்சன். அருவி கட்டிய கொத்தனார் அதை மலையருவி மாதிரி கொட்டவிட்டாராம். "சமவெளி ஓடை இப்படியா விழும்?" என்று சொல்லி, சலசலப்பு சரியாக வரும்வரை யென்சன் மறுபடி மறுபடி கட்டவைத்தார் என்று ஒரு கதை உண்டு. பிள்ளைகளைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள்.

மனிதர் வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இல்லினாய் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து அமைத்த அறை இது. சும்மா கற்பனை இல்லை. இந்த மாநிலத்தில் வெட்டி எடுத்த நிலக்கரி, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக்காடுகள் மண்ணுக்குள் புதைந்து உண்டானது. மர உயரத்துக்கு வளர்ந்த பெரணிகள் நின்ற காடுகள் அவை.

இப்போது தேட வேண்டியது: ஒரு பெரணி இலையைப் பறிக்காமல், குனிந்து அதன் அடிப்பக்கம் பாருங்கள். சிலவற்றில் பழுப்பாக, வரிசை தப்பாமல் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். "ஐயோ, பூச்சி" என்றுதான் முதலில் சொல்வார்கள். பூச்சி இல்லை, ஸ்போர் என்ற தூள் அடங்கிய பொதிகள். பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. அந்தப் புள்ளிக்குள் இருக்கும் தூள்தான் பறந்துபோய் முளைக்கிறது. பூதக்கண்ணாடியை இங்கே எடுங்கள், நேரமும் தாராளமாகக் கொடுங்கள்.

போகுமுன் ஒருமுறை மேலே பார்க்கச் சொல்லுங்கள். 2011 ஜூன் 30 அன்று பெய்த ஆலங்கட்டி மழையில் இந்தக் கூரைக் கண்ணாடி நொறுங்கிச் செடிகள்மேல் கொட்டியது. பழுது பார்த்து முடிக்கச் சில வருடங்கள் ஆயின. பெரணிகள் மீண்டுவிட்டன.

5. சர்க்கரை அறை: தாத்தா பாட்டியிடம் பொறுப்பை விடுங்கள்

வெயில், தண்ணீர், காற்று மூன்றையும் வைத்துச் செடி சர்க்கரை செய்வதை விளக்கும் அறை இது. நாம் தின்னும், குடிக்கும் பல பொருட்களின் செடிகள் இங்கே நிற்கும். சிகாகோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வாழைப்பழம் என்றால் கடையில் ஸ்டிக்கர் ஒட்டிய பழம்தான். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தால் இங்கே நீங்கள் பேச வேண்டாம். "இங்க பாரு கண்ணா, இது மரமே இல்ல, இலையோட மட்டை ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டு நிக்குது" என்று பாட்டி சொல்லும்போது பிள்ளை கேட்கிற மாதிரி பலகையைப் படித்துக் காட்டினால் கேட்காது.

தேட வேண்டியது கொக்கோ மரம். காய் கிளை நுனியில் இருக்காது, நம் பலாவைப் போல அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். காய் இல்லாத சமயமானால் பட்டையில் சின்னப் பூக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அவையும் மரத்திலேயேதான் பூக்கும்.

வெனிலாக் கொடியின் பக்கத்தில் ஒரு கதை சொல்லலாம். வெனிலா ஓர் ஆர்க்கிட். அதன் சொந்த ஊரான மெக்சிகோவை விட்டு வெளியே கொண்டுபோனபோது பூத்தது, காய்க்கவில்லை. 1841ல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்க்கும் வழியைக் காட்டினான். உலகம் முழுக்க இன்றும் தோட்டங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஐஸ்கிரீம் தின்னும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவன் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

6. சேம்பு இன அறை: சேனைக்கிழங்கின் சொந்தக்காரர்கள்

நாம் குழம்பு வைக்கும் சேம்பு, வறுக்கும் சேனை, வரவேற்பறையில் வைக்கும் மான்ஸ்டெரா எல்லாம் ஒரே குடும்பம். கிளைவிடாத பூங்கொத்துகளில் உலகிலேயே மிகப் பெரியதை விடும் டைட்டன் ஏரம் நம் சேனையின் நெருங்கிய உறவு. பூக்கும்போது அழுகிய இறைச்சி நாற்றம் அடிக்கும். அது பூப்பது அபூர்வம், அதனால் பார்ப்போம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குளத்தில் மஞ்சளாக நிற்கும் இலைகள் நிஜ இலைகள் இல்லை, கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹுலி செய்தவை. எது செடி, எது கண்ணாடி என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

1994 ஜனவரியில் கடுங்குளிர் நாளொன்றில் வெப்பமூட்டி நின்றுபோய் இந்த அறையின் செடிகள் நிறையச் செத்துப்போயின. வெளியே பனி கொட்டும் நாளில் இதைச் சொன்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் உறைக்கும்.

7. பாலை அறை: முள் எங்கிருந்து முளைக்கிறது?

அமெரிக்கக் கண்டத்துக் கள்ளிகளும், ஆப்பிரிக்கா பக்கத்து யூபோர்பியா என்ற வேறு குடும்பத்துச் செடிகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கள்ளியில் முட்கள் பஞ்சு மாதிரி ஒரு சின்னப் பொட்டிலிருந்து கிளம்பும். யூபோர்பியாவில் அந்தப் பொட்டு இருக்காது, பல இனங்களில் முள் இரண்டிரண்டாக நிற்கும், கீறினால் பால் வடியும். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, யார் முதலில் பிரிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். ஊர் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளி யூபோர்பியா, சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த அசல் கள்ளி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது இந்த அறையின் சட்டம்.

8. குழந்தைகள் தோட்டம் கடைசியில்

சறுக்குமரம் இருக்கும் இடம். முதலில் காட்டிவிட்டால் மற்ற அறைகளுக்கு அவர்களை நகர்த்த முடியாது. கடைசியில் விட்டுவிட்டு நீங்கள் உட்காருங்கள். அப்புறம் கிளம்பும்போது வியர்வையோடு அப்படியே வெளியே போகாமல், முன்கூடத்தில் சட்டை உலரும்வரை இருந்து, ஜாக்கெட்டை மாட்டிவிட்டு வாருங்கள்.

கோடையிலும் போகலாம். அப்போது வெளித்தோட்டங்களும் திறந்திருக்கும், அல்லிக்குளம் பூத்திருக்கும். ஆனால் முதல் தடவைக்கு நான் பிப்ரவரியைத்தான் சொல்வேன்.