லாரி இல்லாத மண்சாலையில் சைக்கிள்: நெருஞ்சி முள்ளோடு நான் கற்றுக்கொண்டது

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குடியேறி ஆறு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் தார்ச்சாலையில்தான் சைக்கிள் ஓட்டினேன். மினிபஸ் டாக்சிகள் தோளை உரசாத குறையாகக் கடந்து போகும். நான் வீடு திரும்பும்வரை மனைவிக்கு நிம்மதி இருக்காது. இப்போது ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஓட்டினால் எதிரே வருவது இரண்டு வண்டி, மிஞ்சினால் மூன்று. மற்றபடி மாடுகளும் புல்மேடும்தான். இந்த மாற்றத்துக்கு வழி கேட்டுப் பலர் எழுதியதால் இந்தப் பதிவு. எந்த சைக்கிள் வாங்கலாம் என்பதற்குள் போகவில்லை. 40 மில்லிமீட்டர் அகல டயர் நுழையும் சைக்கிள் எதுவானாலும் போதும்.

முதலில் சாலையைக் கண்டுபிடியுங்கள்

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை இந்த மலைநாட்டின் போக்குவரத்தை எல்லாம் இழுத்துக்கொள்கிறது. நமக்கு நல்லதாய்ப் போயிற்று. அதன் இரு பக்கமும் கிடக்கும் மாவட்டச் சாலைகள் வெறிச்சோடிவிட்டன. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் இவற்றுக்கு ‘டி’ என்ற எழுத்தும் எண்ணும் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். சந்திப்புகளில் நிற்கும் சிறிய பலகையில் அது எழுதியிருக்கும். டி சாலை என்றால் பெரும்பாலும் மண்சாலைதான். ஹவிக் ஊருக்கு மேலே கார்க்லூஃப் பக்கம், கரீஸ் போஸ்ட், நாட்டிங்ஹாம் ரோடு, ஃபோர்ட் நாட்டிங்ஹாம், டார்கல் பள்ளத்தாக்கு எல்லாம் இப்படிப்பட்ட இடங்கள்தான்.

வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே அது பொதுச்சாலை ஆகிவிடாது. பைன், யூகலிப்டஸ் தோப்புகளுக்குள் போகும் பாதைகள் நிறுவனங்களுக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் வழியைக் குறித்துக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஏற்றத்தைப் பாருங்கள். முதல் தடவைக்கு 25 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 400 மீட்டர், இது தாராளம். மண்ணில் 25 என்பது தாரில் 40 போலக் காலைப் பிடிக்கும்.

டயர்: என்னை மூன்று ராத்திரி உட்கார வைத்த வேலை

முதல் பயணத்தில் டியூப் போட்ட டயரோடு போனேன். ஆஷ்பர்ட்டன் பக்கத்து முட்காட்டில், ஒரு பண்ணை வாசலில் தண்ணீர் குடிக்க ஓரம் ஒதுங்கினேன். மறுபடி ஏறி நூறு மீட்டர் போவதற்குள் இரண்டு சக்கரமும் தரையோடு ஒட்டிவிட்டன. டயரைத் திருப்பிப் பார்த்தால் நம்மூர் நெருஞ்சி முள்! இங்கே அதை டுவெல்கி என்கிறார்கள். எப்படி விழுந்தாலும் ஒரு முனை வானத்தைப் பார்த்து நிற்கும், அதே செடி. நான்கு ஓட்டை, கையில் இருந்ததோ ஒரே டியூப். ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

என்னோடு ஓட்டும் அண்ணா ஒருவர் இருக்கிறார். 1860-இல் தொடங்கிய கரும்புத் தோட்டக் குடியேற்றத்தின் வழியில் வந்த குடும்பம். அவர் பேச்சில் தமிழ் அங்கங்கேதான் வரும். அந்த முள்ளை அவரிடம் காட்டியதும் ‘நெரிஞ்சி, எங்க ஆயா சொல்லும்’ என்றார். கடலைத் தாண்டி வந்து, பேரன் வாயில் ஒரு முள்ளின் பெயர் மிஞ்சியிருக்கிறது. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டியூப்லெஸ்தான் இதற்குத் தீர்வு. டயருக்குள் டியூபுக்குப் பதில் ரப்பர்ப் பால் கலந்த சீலன்ட் இருக்கும். முள் குத்தினால் அது கசிந்து ஓட்டையை அடைத்துவிடும். சொல்வது சுலபம், டயரை ரிம்மில் உட்கார வைப்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். நான் செய்யும் வரிசை இது:

ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காய விடுங்கள். உள்பக்க அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமான டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். குறுகலான டேப் வாங்கினால் ஸ்போக் துளை வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். வால்வு வரும் இடத்தில் ஊசியால் டேப்பில் சின்னத் துளை மட்டும் போட்டு வையுங்கள்.

டயரை மாட்டியதும் சீலன்ட் ஊற்றக் கை பரபரக்கும். வேண்டாம். முதலில் ஒரு சாதாரண டியூபை உள்ளே வைத்துக் காற்றடித்து, ஓரிரவு அப்படியே விடுங்கள். மடித்து வந்த டயர் விரிந்து, இரண்டு விளிம்பும் ரிம்மில் ஏறி உட்காரும். காலையில் ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றி டியூபை எடுத்துவிட்டு, டியூப்லெஸ் வால்வைப் போடுங்கள். இப்போது ஒரு பக்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், பாதி வேலை முடிந்துவிட்டது.

அடுத்ததுதான் என் மூன்று ராத்திரியையும் தின்றது: வால்வின் உள்ளே இருக்கும் சிறு ஊசிப் பகுதியைத் திருகிக் கழற்றுங்கள். அது உள்ளே இருந்தால் காற்று மெல்லத்தான் நுழையும், விளிம்பு ஏறுவதற்குள் எல்லாம் வெளியேறிவிடும். அதைக் கழற்றிவிட்டு, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, பம்ப்பை வேகமாக அடியுங்கள். ‘டப், டப்’ என்று சத்தம் வரும். டயரைச் சுற்றி ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் காற்றை விட்டு, வால்வு வழியே 60 முதல் 80 மில்லி சீலன்ட் ஏற்றி, ஊசியைத் திருகி, மறுபடி காற்றடியுங்கள். சக்கரத்தைக் கிடத்தி இரு பக்கமும் பத்துப் பத்து நிமிடம் வையுங்கள்.

சாதாரண நின்று அடிக்கும் பம்ப்பே போதும். அப்படியும் ஏறவில்லை என்றால் பெட்ரோல் பங்க்கின் காற்றுக்குழாயில் ஒரு அடாப்டர் வைத்து அடிக்கலாம்.

காற்று எவ்வளவு?

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு. அதையே அடித்துவிட்டு மண்சாலையில் இறங்கினால் கை மரத்துப்போகும். என் எடை 72 கிலோ, டயர் 42 மில்லிமீட்டர், முன்னால் 30 பிஎஸ்ஐ, பின்னால் 33. இதிலிருந்து தொடங்கி உங்கள் எடைக்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள். பல்பல்லாய் வரிசையாக அலை விழுந்த சாலையில் நடுவில் போகாமல் ஓரம் பாருங்கள், அங்கே மண் வழவழப்பாக இருக்கும். ஓரத்தில் பிரேக் மட்டும் மெதுவாக.

எப்போது, எப்படி

அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம், மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும். ஐந்தரைக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் காரை நிறுத்திய இடத்துக்கு வந்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் செம்மண் டயரில் அப்பி, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். ஒரு நாள் காய விடுங்கள். ஜூன், ஜூலையில் காலை உறைபனி இருக்கும், ஆனால் சாலை கெட்டியாக, வானம் தெளிவாக இருக்கும். எனக்குப் பிடித்த மாதங்கள் அவை. வார நாட்களில் மரம் ஏற்றும் லாரிகளும் பால் வண்டிகளும் ஓடும், அதனால் ஞாயிறுதான் சரி.

சங்கிலிக்கு எண்ணெய்க்குப் பதில் மெழுகு வகை மசகு போடுங்கள். எண்ணெய் போட்டால் புழுதி அப்பிப் பசையாகிவிடும். இந்த ஊர்த் தயாரிப்பான ஸ்குவர்ட்டை நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறேன், வேறு எதற்கும் மாறும் எண்ணமில்லை. ஹெல்மெட் இங்கே சட்டப்படி கட்டாயம். தனியாகப் போகாதீர்கள். கைபேசியில் அவசரத்துக்கு 112.

பண்ணைக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் கடந்ததும் மூடுங்கள். மாடு தாண்டாமல் இருக்கச் சாலையில் பதித்த இரும்புக் கம்பிகளை நேராகக் கடக்க வேண்டும், சாய்ந்து போனால் வழுக்கும். வழியில் நடப்பவரிடம் சூலு மொழியில் ‘சாவுபோனா’ சொல்லுங்கள், பலர் இருந்தால் ‘சனிபோனானி’. ‘உங்களைக் கண்டோம்’ என்பது அதன் பொருள். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை முகம் மலர்ந்திருக்கிறது! வழி தவறியபோது என்னைச் சாலைவரை கொண்டுவந்து விட்டவரும் அப்படித்தான் பழக்கமானார்.

பின்சேர்க்கை

டியூப்லெஸ்ஸில் பெரிய கிழிசல் விழுந்து டியூப் போட்டவர் இருவர், போட்ட கையோடு அதுவும் பஞ்சரானது என்று எழுதினார்கள். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சீலன்ட் அடைத்து வைத்திருந்த பழைய முட்கள் டயரில் அப்படியே இருக்கும், டியூப் உள்ளே போனதும் அவை வேலையைக் காட்டும். டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியால் தடவுங்கள், சிக்கும் இடத்தில் எல்லாம் முள் இருக்கும். ஒவ்வொன்றையும் பிடுங்கிய பிறகே டியூப். இதற்காகவே சிறு இடுக்கி ஒன்று என் பையில் இருக்கிறது.

இன்னொருவர் ஐந்து மாதமாக சீலன்ட் பார்க்கவே இல்லையாம், திறந்தபோது ரப்பர்த் தோல்தான் இருந்தது. இங்கத்து வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்காவிட்டால் 40 மில்லி ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.