இடிபாட்டின் மேல் ஏறும் முன்

2021 கடைசியில் வேலூர் மாவட்டத்தில் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் நிலம் பல முறை அதிர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழைக்கு ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள். அதிர்வோ மழையோ, முதலில் ஓடி வருவது பக்கத்துத் தெருக்காரர்கள்தான். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து சேரும்வரை பொறுப்பு அவர்களுடையது.

கும்பலாக மேலே ஏறுவதுதான் பெரிய தவறு. ஆள் மூச்சுவிடும் பொந்து மிதிக்கிற கனத்தில் மூடிப்போகும். ஜேசிபியை அவசரப்பட்டு விட்டாலும் இதே கதிதான். வண்டி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் அணைத்து 2 நிமிடம் அமைதியாக நில்லுங்கள். தமிழ், தெலுங்கு, உருது மூன்றிலும் கூப்பிட்டுக் காதுகொடுங்கள். எந்த அறையில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி இடிந்த கான்கிரீட் பலகையைத் தூக்காதீர்கள். நழுவினால் அடியில் இருப்பவர்மேல் விழும். ஓர் அங்குலம் தூக்கினால் உடனே ஓர் அங்குலம் முட்டு வைக்க வேண்டும். 4 அங்குலச் சதுரக் கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். சவுக்குக் கம்பு உருளும், வேண்டாம்.

கால் நெடுநேரம் நசுங்கிக் கிடந்தவரைச் சட்டென்று இழுத்துவிடுவது பலருக்குத் தெரியாத ஆபத்து. சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடலாம். பேசிக்கொண்டிருந்தவர் விடுவித்த சில நிமிடங்களில் இறப்பது இதனால்தான். ஒரு மணி நேரம் தாண்டியிருந்தாலே, 108-ஐ அழைக்கும்போது அதைச் சொல்லுங்கள். பாரத்தை எடுக்கும் முன்பே நரம்பில் சலைன் ஏற வேண்டும். மார்பு அழுந்தி மூச்சுத் திணறினால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

பழைய துணி அனுப்பாதீர்கள். 2001 குஜராத் பூகம்பத்திலும் 2004 சுனாமியிலும் அவை தெருவோரம் மலையாகக் குவிந்து மட்கின. ஒரு நாளைக்கு ஆளுக்கு 15 லிட்டர் தண்ணீருக்கு வழி செய்வது அதைவிட மேல். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிடுங்கள். 20 லிட்டர் குடத்துக்கு அந்தத் தெளிவில் 4 மில்லி போதும்; அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கலங்கல் நீரை முதலில் வடிகட்ட வேண்டும். திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும்.

விரிசல் விட்ட வீட்டுக்குள் சாமான் எடுக்க யாரையும் விடாதீர்கள். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 பூகம்பத்துக்கு 17 நாள் கழித்து 7.3 அளவில் மறுபடி அதிர்ந்தது.