ட்ரோனுக்கு ஸ்மோக் ஸ்டாப்பர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக சால்டர் செய்த ட்ரோனில் முதல் முறை பேட்டரியைச் செருகும் நொடிதான் ஆபத்தானது. நாலு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழு சார்ஜில் 16.8 வோல்ட் இருக்கும். ஒரு ஈயத் துளி போர்டில் வயர் பற்றவைக்கும் இரண்டு பேடுகளைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், நூறு ஆம்பியருக்கு மேல்கூடப் பாய்ந்துவிடும். புகை வந்த பிறகு பேட்டரியைப் பிடுங்கிப் பயனில்லை, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி அதற்குள் போயிருக்கும். பேட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவே ஒரு கார் இண்டிகேட்டர் பல்பை வைப்பது இதற்காகத்தான்; இதைத்தான் ஸ்மோக் ஸ்டாப்பர் என்கிறோம். எளிய கருவி, ஆனால் தப்பாகச் செய்தால் இல்லாத பாதுகாப்பை இருப்பதாக நம்பவைத்துவிடும்.

முதலில் பல்ப். 12 வோல்ட், 21 வாட், இழை உள்ள பழைய வகை பல்ப் வேண்டும். எல்இடி பல்ப் இதற்கு ஆகாது. இங்கே நமக்குத் தேவை வெளிச்சம் இல்லை, டங்ஸ்டன் இழையின் குணம். குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை அரை ஓம் அளவுதான். சூடாகி எரியும்போது ஏழு ஓம் வரை ஏறிவிடும். அதனால் ட்ரோனின் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகத் தேவையான மின்சாரத்தைத் தடையில்லாமல் விடும், ஷார்ட் இருந்தால் தானே சூடாகி இரண்டு ஆம்பியர் அளவில் நிறுத்திவிடும். பைக் இண்டிகேட்டரில் பெரும்பாலும் 10 வாட் பல்ப்தான் வரும். அதையோ 5 வாட் பல்பையோ போட்டால், கேமரா படத்தை அனுப்பும் வீடியோ டிரான்ஸ்மிட்டர் உயிர்பெறும்போது வோல்டேஜ் விழுந்து போர்டு திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். நல்ல போர்டைப் பழுது என்று கழற்றிப்போடுவது இப்படித்தான் நடக்கிறது. ஆறு செல் பேட்டரி 25.2 வோல்ட் என்பதால் ஒற்றை 12 வோல்ட் பல்ப் ஷார்ட்டில் ஃபியூஸ் போய்விடும். லாரிக்கு வரும் 24 வோல்ட், 21 வாட் பல்பை வாங்குங்கள்.

பல்புக்குப் பதிலாக வெறும் ஃபியூஸ் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. ஃபியூஸ் உருகி அறுவதற்குள் இஎஸ்சியில் உள்ள மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் செத்துவிடும். தானே மீளும் பாலிஃபியூஸ் அதைவிட நிதானம்.

அடுத்தது வயரிங். பல்ப் பிளஸ் வயரின் நடுவில், தொடராக வர வேண்டும். பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே வைத்துவிட்டால் பல்ப் அழகாக எரியும், பாதுகாப்பு துளியும் இருக்காது. பேட்டரியைச் செருகும் எக்ஸ்டி60 கனெக்டரில் தட்டையான பக்கம் பிளஸ், மூலை சீவிய பக்கம் மைனஸ். ஸ்டாப்பரின் இரு முனையிலும் உள்ள கனெக்டரில் ஒன்றை மாற்றிப் பற்றவைத்தால், சரியாக இருக்கும் ட்ரோனுக்கும் தலைகீழ் மின்சாரம் போகும். இதை மல்டிமீட்டரில் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். பல்பைக் கழற்றிவிட்டு இரு முனை பிளஸையும் தொட்டால் வழி அறுந்திருக்க வேண்டும். பல்பை மாட்டினால் அரை ஓம் அளவு காட்ட வேண்டும். அப்புறம் பேட்டரியைச் செருகி, ட்ரோன் பக்க முனையில் வோல்டேஜும் திசையும் சரியா என்று பாருங்கள். இதை முடிக்காமல் ட்ரோனைச் செருகாதீர்கள்.

இனி பல்ப் சொல்வதைப் படிக்க வேண்டும். ஒரு நொடி மின்னி அணைந்தால் பெரிய ஷார்ட் இல்லை. மங்கலாக எரிந்துகொண்டிருந்தால் வீடியோ டிரான்ஸ்மிட்டரின் லோடாக இருக்கலாம். முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது, 'பல்ப் எரியவில்லை, எல்லாம் சரி' என்ற முடிவுதான். நான் இப்படி நம்பி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ஒரு ரிசீவரை இழந்திருக்கிறேன். 5 வோல்ட் பேடில் வைக்க வேண்டிய வயரை பக்கத்திலிருந்த பேட்டரி வோல்டேஜ் பேடில் வைத்திருந்தேன். ரிசீவர் சாக அதிக மின்சாரம் தேவைப்படவில்லை. பல்ப் கடைசிவரை அணைந்தே இருந்தது. 5 வோல்ட் வழியில் ஷார்ட் இருந்தாலும் இதே கதைதான். போர்டில் இருக்கும் ரெகுலேட்டர் தன் அளவுக்கு மேல் கொடுக்காது, அதனால் பேட்டரி பக்கத்தில் பல்பை எரிக்கும் அளவு இழுவை வராமல் போகலாம்; ரெகுலேட்டர் மட்டும் கொதிக்கும். ஆகவே பேட்டரி செருகுவதற்கு முன்பே ஒவ்வொரு பேடையும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள், மல்டிமீட்டரில் கன்டினியுட்டி (ஷார்ட் இருக்கிறதா என்று) பாருங்கள். செருகி ஐந்து நொடியில் கழற்றி, போர்டில் எங்காவது சூடு ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பேட்டரியைத் தலைகீழாகக் கொடுத்து பல்ப் காப்பாற்றியிருந்தாலும், பேட்டரி வயர் சேரும் இடத்தில் உள்ள பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை மாற்றிவிடுவது நல்லது.

ஸ்டாப்பர் இருக்கும்போது மோட்டாரைச் சுற்றவிட முயல வேண்டாம். வோல்டேஜ் சரிந்து போர்டு அணையும். பிரொப்பெல்லர் எப்படியும் கழற்றியிருக்க வேண்டும், வீடியோ டிரான்ஸ்மிட்டரில் ஆன்டெனா மாட்டியிருக்க வேண்டும். ஷார்ட்டில் எரியும் பல்பின் கண்ணாடி விரலைச் சுட்டுவிடும், லிப்போ மேல் சாய்ந்திருந்தால் அதன் உறையையும். ஹோல்டரில் மாட்டி, பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளியே வையுங்கள்.