நிலை ஓரத்தில் பட்டி வேண்டாம்

சுவரின் பள்ளத்தையும் கீறலையும் நிரப்பும் பட்டி (புட்டி) கையில் இருக்கிறது என்பதற்காக எல்லா இடுக்கிலும் அதையே அப்புவது எங்கள் பெயின்டர் தொழிலில் ஊறிப்போன சோம்பேறித்தனம். பூச்சில் விழுந்த மயிரிழைக் கீறலுக்குப் பட்டி போதும். கதவு மாட்டும் மர நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்படியல்ல. ஐப்பசி மழையில் மரம் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். பட்டியோ காய்ந்தபின் வளைந்துகொடுக்காது. நிலை ஓரமாகக் கறுப்புக் கோடு மறுபடி தெரியும். அங்கே வேண்டியது அக்ரிலிக் சீலண்ட், அதாவது காய்ந்தபின்னும் வளைந்துகொடுக்கும், டியூபில் வரும் அடைப்புப் பசை. ஜன்னல் சட்டத்துக்கும் மர அலமாரி ஓரத்துக்கும் அதுவேதான்.

கடையில் வெறுமனே 'சீலண்ட்' என்று கேட்காதீர்கள், சிலிக்கானை எடுத்து நீட்டிவிடலாம். சாதாரண சிலிக்கான் மேல் பெயின்ட் பிடிக்காமல் திட்டுத் திட்டாக ஒதுங்கும். வாஷ்பேசின் ஓரத்துக்கு அது சரி. நமக்கு, மேலே பெயின்ட் அடிக்கலாம் என்று டியூபிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

முதல் வேலை சுரண்டல். பழைய பட்டி, உதிரும் காரை, தொங்கும் பெயின்ட் எல்லாம் போகட்டும். பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, காயவிடுங்கள். தூசி மேல் வைத்த சீலண்ட் நாடாவைப் போல முழு நீளத்துக்கும் உரிந்து வரும். இடைவெளி ஆழமாக இருந்தால் உள்ளே நுரைக்கயிறு திணித்துவிட்டு மேலே அடைக்கலாம், டியூபும் மிச்சமாகும்.

டியூபின் மூக்கைச் சாய்வாக, இடைவெளியைவிடச் சற்றுச் சிறிய துளை வரும்படி வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் சீலண்ட் வழிந்து, துடைப்பதிலேயே பொழுது போகும். டியூபை மாட்டி அழுத்தும் 'கன்'னைச் சாய்த்துப் பிடித்து, நிறுத்தாமல் ஒரே வேகத்தில் இழுங்கள். உடனே நனைத்த விரலால் ஒரே இழுப்பு. மேலே ஆடை படியத் தொடங்கிய பிறகு விரல் வைத்தால் கசங்கிவிடும். அழகுபடுத்தும் ஆசையை அங்கே அடக்க வேண்டும்.

அக்ரிலிக்கில் உள்ள தண்ணீர் ஆவியாகப் போவதால் அது சுருங்கும். மறுநாள் குழி தெரிந்தால் இன்னொரு முறை நிரப்புங்கள். டியூபில் சொல்லியிருக்கும் நேரம் காய்ந்த பிறகே, பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் பிரைமர்.

பீமுக்குக் கீழே படுக்கைவாட்டில் ஓடும் விரிசல் தனி. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை, அதனால் அந்த இணைப்பு விட்டுக்கொடுக்கிறது. விரிசலை 'வி' வடிவில் அகலப்படுத்தி, கிராக் ஃபில்லர் நிரப்பி, ஃபைபர் வலை நாடா ஒட்டி, அதன்மேல் பட்டி இழுக்க வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் அகன்ற விரிசலை மட்டும் மூடி மறைக்காதீர்கள். இரு நுனியிலும் பென்சிலால் கோடும் தேதியும் போட்டுச் சில மாதம் பாருங்கள். கோட்டைத் தாண்டினால் பெயின்டரை விட்டுவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

பொங்கலுக்கு முன் முடித்துத் தரச் சொல்லி எல்லாரும் மார்கழியில்தான் கூப்பிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை குடித்த சுவர் அப்போது காய்ந்திருக்காது. பங்குனியில் கூப்பிடுங்கள். மரமும் சுருங்கி இடைவெளி அகன்று நிற்கும். அப்போது அடைத்த சீலண்ட் மழையில் அமுங்குமே தவிர கிழியாது.