லாங் ரைடுக்கு முன் செயினை இப்படிப் பாருங்கள்

பைக்கின் செயின் லூப்பை (செயினுக்கான மசகு ஸ்ப்ரேயை), கிளம்பும் காலையில் இல்லாமல், முந்தின இரவே அடியுங்கள். வண்டி ஓடி நின்ற சூட்டில் அடித்தால் உள்ளே இறங்கும். விடிவதற்குள் காய்ந்துவிடும், வீல் எல்லாம் தெறிக்காது. அதற்கு முன் மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு அழுக்கை எடுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் (செயின் கண்ணிகளில் உள்ள ரப்பர் வளையம்) கெட்டுப்போகும். இன்ஜினை ஓடவிட்டுத் துடைப்பவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். கையாலேயே வீலைச் சுற்றுங்கள். சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றே லூப் தேவை.

தொய்வை, அதாவது செயின் மேலும் கீழும் ஆடும் அளவை, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் அளக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 25–35 மி.மீ.; உங்கள் வண்டியின் மேனுவலில் இருப்பதே கணக்கு. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எனவே வீலைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய்யுங்கள். லூஸான இடத்தை நம்பி இறுக்கினால், பின்னால் ஆளும் பையும் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் விறைத்து, கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். இறுக்கிய பின் பின் வீல் ஆக்சிலின் இருபக்கமும் உள்ள குறிகளும் ஒரே கோட்டில் இருக்கிறதா பாருங்கள். ஆக்சில் நட்டையும் மறக்காமல் முறுக்குங்கள்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் (பின் வீலின் பல்சக்கரத்தின்) பின்முனையில் செயினைப் பிடித்து இழுத்தால் பல் பாதி தெரிகிறதா? செயினையும் முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகளையும் செட்டாகவே மாற்றுங்கள்.